அந்த நிறத்தை மாற்றியது நான்

தம்பி, இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. அப்பா உனக்கு எழுதுவதுதான். ஆனால் உன் தாய்மாமனும் பெரியம்மாவும், அன்றைக்குத் துக்கம் கேட்க வந்து நம் வாசலில் உட்கார்ந்து பேசியவர்களும் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். உன்னைப் பற்றி அவர்கள் பேசியது திறந்த வாசலில் நடந்தது. அதற்கான பதிலும் திறந்தே இருக்கட்டும். ஆவணியில் உனக்குக் கல்யாணம். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. பத்திரிகை கொடுக்க ஊர் ஊராக அலைய வேண்டிய நேரத்தில் உத்தமபாளையத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கோடு போட்ட நோட்டில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை எழுதத் தைரியம் இருக்குமோ என்னவோ. உன் அம்மா இறந்ததற்கு நீ காரணமில்லை. நீ செய்த வேலையில் ஒரு பிழையும் இல்லை. இந்த இரண்டு வருஷமும் அது எனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் இங்கே வந்திருந்தாள். தான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தேவாரத்திலிருந்து பஸ் ஏறியிருக்கிறாள். தங்கையை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவள் மட்டும் உள்ளே வந்தாள். நான் போட்டுக் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "மாமா, ஒண்ணு கேக்கணும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவுக எங்கிட்டத் தனியாச் சொன்னாக. எங்க அம்மா செத்ததுக்கு நாந்தான் காரணம், கம்ப்யூட்டர்ல நான் பண்ணுன தப்பு, அதைத் தெரிஞ்சுக்கிட்டு சம்மதம் சொல்லுங்கன்னாக. நான் சம்மதம்தான் சொன்னேன். ஆனா அது நெசமா மாமா?" என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லத்தா. அவன் எளகுன மனசுக்காரன். கல்யாணம் ஆனாச் சரியாப் போகும்" என்றேன். அவள் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் மறுக்காமல் விட்டு வைத்திருந்த பொய்யை இனி அவளும் சேர்ந்து சுமக்கப் போகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண்ணுக்கும் மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் ஆதியிலிருந்தே சொல்கிறேன். நான் மின்வாரியத்தில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலை விட்டதும் வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் டிவி முன்னால் கிடந்தேன். நீ அப்போது பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாய். ஒரு பொங்கலுக்கு வந்தபோது உன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, அதில் ஒரே ஒரு ஃபைலைத் திறந்து காட்டினாய். "இதுக்குப் பேரு விக்கிப்பா. உங்களுக்கு மட்டும்தான். நெட்டு வேணாம். ஒரு நோட்டு மாதிரி, ஆனா எத்தனை பக்கம் வேணும்னாலும் போட்டுக்கலாம். ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குத் தாவலாம்" என்றாய். அன்றிலிருந்து எனக்குப் பொழுது போனது தெரியவில்லை. தோட்டத்துக்கு ஒரு பக்கம், பெரியாற்றுத் தண்ணீர் திறக்கும் நாளுக்கு ஒரு பக்கம், சொந்தக்காரர்கள் விலாசத்துக்கு ஒரு பக்கம், மோட்டார் ரிப்பேருக்கு ஒரு பக்கம் என்று போட்டுக்கொண்டே போனேன்.

பக்கங்களைவிட எனக்கு நிறங்கள்தான் பிடித்திருந்தன. பின்னணி ஒரு நிறம், தலைப்புப் பட்டை ஒரு நிறம், எழுத்து ஒரு நிறம். மூன்றையும் சேர்த்து ஒரு தீம் என்று சேமித்து வைத்துவிட்டால், அப்புறம் எந்தப் பக்கத்தின் அடியிலும் அந்தத் தீமின் பெயரை மட்டும் எழுதினால் போதும், பக்கம் அந்த நிறத்துக்கு மாறிவிடும். நாற்றுப் பச்சை, பன்னீர் திராட்சைக் கறுப்பு, தண்ணீர் நிறம் என்று செய்து செய்து முப்பத்தொரு தீம் வைத்திருந்தேன். அடுத்த முறை வந்தபோது நீ பார்த்துவிட்டுச் சிரித்தாய். "பச்சை, பச்சை ரெண்டு, பச்சை புதுசு, நல்ல பச்சை. எதுக்குப்பா இத்தனை பச்சை?" அம்மா கூட அடுப்படியிலிருந்து வந்து சிரித்தாள். அன்று மத்தியானம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணினாய். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஆறாகக் குறைத்தாய். "கலர் பேரைத் தீமுக்கு வைக்காதீகப்பா. அது எதுக்குன்னு பேரு வைங்க. சிவப்புன்னு பேரு வச்சுட்டு நாளைக்கு நீலமா மாத்துனீகன்னா பேரு பொய்யாயிரும். அப்புறம், ஒவ்வொரு பக்கமா மாத்திக்கிட்டு இருக்காதீக. தீமுல ஒரு எடத்துல மாத்துனாப் போதும். அதை வச்சிருக்கிற அத்தனை பக்கமும் தானா மாறிரும்." நீ சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மறக்காமல் இருந்தது இந்தக் கடைசி வரிதான்.

அடுத்த வருஷம் அம்மாவின் கிட்னி இரண்டும் பழுது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். முகமும் காலும் வீங்கும், மூச்சு வாங்கும். மருந்தில் கொஞ்ச காலம் ஓட்டலாம், முடியாத கட்டத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மெஷினில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இளநீர், வாழைப்பழம், திராட்சை எல்லாம் விஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள உப்பு ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்றும் சொன்னார். மார்க்கையன்கோட்டையில் தென்னந்தோப்புக்குள் பிறந்து வளர்ந்தவளிடம் இளநீர் குடிக்காதே என்றால் எப்படி இருக்கும்? அவள் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "கொஞ்சம் போலக்கூடக் குடிக்கக் கூடாதாய்யா?" என்பதுதான். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் கால் டம்ளர் என்று அவர் மனமிரங்கிச் சொன்னார்.

நீ அதற்காகவே என் விக்கியில் அம்மாவுக்கென்று ஒரு பகுதி பிரித்தாய். நாளுக்கு ஒரு பக்கம். காலை எடை, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, வீக்கம். இன்ன அளவுக்குள் இருந்தால் 'நல்ல நாள்', தாண்டினால் 'கவனம்', அதையும் தாண்டினால் 'ஆபத்து' என்று டாக்டரிடம் கேட்டு ஓர் அட்டவணை போட்டாய். மூன்றுக்கும் மூன்று தீம். நல்ல நாளுக்குப் பச்சை, கவனத்துக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு. ஆபத்து மூன்று நாள் தொடர்ந்தால் அன்றைக்கே மதுரை, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தாய். நான் தினமும் எண்களைப் போட்டுத் தீமின் பெயரை எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் பென் டிரைவில் ஃபைலை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் உனக்கு மெயில் அனுப்புவேன். ஒன்றரை வருஷம் ஒரு நாள் தவறாமல் நடந்தது. அது நன்றாகவும் நடந்தது. அதை நீ மறக்காதே.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். எண்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. எடை பார்த்துவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். "இன்னைக்கு என்ன கலருங்க?" பச்சை என்றால் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போவாள், கால் டம்ளர் இளநீருக்கு ஆளைக் கூப்பிடுவாள். மஞ்சள் என்றால் பேசாமல் போய்ப் படுத்துக்கொள்வாள். சிவப்பு வந்துவிட்டால் அன்றைக்கு அவளைச் சாப்பிட வைக்க முடியாது. மதுரை ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்திருந்த ஒரு பெண்ணை அவள் பார்த்திருக்கிறாள். கையிலிருந்து ரத்தம் ட்யூப் வழியாகப் போய்த் திரும்பி வருவதை நின்று பார்த்திருக்கிறாள். "என்னய அதுல மட்டும் போட்டுறாதீக. வீட்டுலயே போய்ச் சேந்துக்கிறேன்" என்று எத்தனை தடவை என் கையைப் பிடித்துச் சொன்னாளோ, கணக்கில்லை.

இனி அந்தக் கார்த்திகை மாதம். சனிக்கிழமை காலை நீ வந்தாய். அன்று பக்கம் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமையும் சிவப்பு. திரையைப் பார்க்கும்போது உன் முகமும் மாறிப்போயிருந்தது. இந்த இடைவெளியில் நான் மறுபடியும் விளையாடியிருந்தேன். சிவப்பு கண்ணை உறுத்துகிறது என்று அம்மா சொன்னதற்காக 'ஆபத்து புதுசு' என்று கொஞ்சம் வெளிறிய சிவப்பில் இன்னொன்று செய்து, சில பக்கங்களுக்கு அதையும் சில பக்கங்களுக்குப் பழையதையும் போட்டு வைத்திருந்தேன். "இது ஆபத்துப்பா. ஒரே விஷயத்துக்கு ரெண்டு தீம் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிற அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தாய். ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. சேமித்துவிட்டு எழுந்தாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாய். "நாளைக்கும் சிவப்புன்னா யோசிக்காதீக. கார் புடிச்சு மதுரைக்குப் போங்க. எனக்கு ஒரு போன் போடுங்க, நான் அங்கன நேரா வந்துர்றேன்." அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன் ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அவள் உள்ளே வரவில்லை.

திங்கட்கிழமை காலை எண்களைப் போட்டேன். அட்டவணைப்படி 'ஆபத்து' என்று எழுதினேன். பக்கம் சிவப்பாக வந்தது. நன்றாகப் படித்துக்கொள் தம்பி. சிவப்பாகத்தான் வந்தது. நீ சேர்த்து வைத்துவிட்டுப் போன தீம் சரியாக இருந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அம்மா குளியலறையில் இருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து பின்னால் நிற்பாள். மூன்றாவது சிவப்பு என்றால் என்ன என்று அவளுக்கு விரல் விட்டு எண்ணத் தெரியும். அவள் அழுவாள், என் காலைப் பிடிப்பாள், அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டும். எனக்கு அது முடியவில்லை. நான் நல்லவன் என்பதற்காக அல்ல. அவள் அழுவதைப் பார்க்கும் வேலையை ஒரு நாளாவது தள்ளிப்போட வேண்டும் என்றுதான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் 'நல்ல நாள்' என்று மாற்றி எழுதக் கை வரவில்லை. அது பொய் என்று தோன்றியது. எண்கள் உண்மையாக இருக்கட்டும், பெயரும் உண்மையாக இருக்கட்டும், நிறம் மட்டும்தானே என்று நினைத்தேன். அதனால் தீமைத் திறந்தேன். ஒவ்வொரு நிறத்துக்கும் கம்ப்யூட்டரில் ஒரு குறியீடு உண்டு, எண்ணும் எழுத்துமாக ஆறு. மூன்று நிறம், பதினெட்டு எழுத்து. 'நல்ல நாள்' தீமிலிருந்து அவற்றைப் பார்த்து 'ஆபத்து' தீமில் ஒவ்வொன்றாக அடித்தேன். சேமித்தேன். அன்றைய பக்கம் மட்டுமல்ல, சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசியில் வந்தவை, அதற்கு முந்தியவை என்று அதுவரை வந்த அத்தனை சிவப்புப் பக்கங்களும் ஒரே நேரத்தில் பச்சையாகின. புரட்டிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு நாளும் ஆபத்தே வந்ததில்லை என்பது போல இருந்தது. கண்ட்ரோல் ரூமில் நான் இருந்த காலத்தில், சிவப்பு மூடி கிடைக்கவில்லை என்று லைனில் கரண்ட் இருப்பதைக் காட்டும் இண்டிகேட்டர் விளக்குக்குப் பச்சை மூடியை மாட்டிய ஓர் ஆபரேட்டரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். "மூடிய மாத்துனா லைன் மாறிருமாய்யா? எவனாவது நம்பிக் கைய வச்சான்னா?" என்று கத்தினேன். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் மேல் மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதியவனும் நான்தான்.

அம்மா ஈரத் தலையோடு வந்தாள். "இன்னைக்குச் செகப்புத்தானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள். "பச்சையா? நெசமாவா?" கையை நீட்டித் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "நேத்து முந்தாநாளு?" நான் முந்தைய பக்கங்களைக் காட்டினேன். "அது கம்ப்யூட்டர் கோளாறு. தம்பி சரி பண்ணிட்டுப் போயிருக்கான்." பார்த்தாயா, அப்போதே உன் பெயரை இழுத்துவிட்டேன். பத்து மணிக்கு உனக்குப் போன் போட்டேன். "என்ன கலருப்பா?" என்று கேட்டாய். "பச்சைதாம்ப்பா காட்டுது" என்றேன். நீ போனிலேயே மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. திரையில் பச்சைதான் இருக்கிறது, நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோரு நாள். இதை எழுதுவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம். அந்தப் பதினோரு நாளும் உன் அம்மா சந்தோஷமாக இருந்தாள். வீக்கம் இருந்தது, மூச்சும் வாங்கியது, ஆனால் சரியாகிக்கொண்டு வருகிறது என்று நம்பினாள். தானே சமைத்தாள். கார்த்திகைக்கு விளக்கு வைத்தாள். அவள் தம்பிக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை தோப்புக்கு வருகிறேன் என்றாள். உனக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று பேச ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். நான் தினமும் காலையில் உண்மையான எண்களைப் போட்டு 'ஆபத்து' என்று எழுதினேன், பக்கம் பச்சையாக வந்தது. நாளை சொல்லலாம், நாளை மதுரைக்குக் கூட்டிப் போகலாம் என்றே ஒவ்வொரு நாளும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு மெயிலும் அனுப்பினேன். ஒரு வாரம் முழுக்கப் பச்சை என்று சந்தோஷமாகப் பதில் எழுதியிருந்தாய். பச்சையாக இருந்ததால் எண்களைப் பார்க்கவில்லை என்று பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாயே, ஏன் பார்க்க வேண்டும்? எண்களைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளத்தானே நிறம் வைத்தாய். தினமும் எண்களைக் கையால் எழுதியவன் இங்கே ஒருவன் இருந்தேனே. பச்சை என்றால் அவள் கால் டம்ளர் இளநீர் குடிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் வேண்டாம் என்றேன். "பச்சை நாள்ல குடிக்கலாம்னு டாக்டரே சொல்லியிருக்காகள்ல" என்றாள். மூன்றாம் நாளிலிருந்து குடிக்க விட்டேன்.

பன்னிரண்டாம் நாள் நான் பென்ஷன் விஷயமாகத் தேனிக்குப் போக வேண்டியிருந்தது. காலைப் பக்கத்தைப் போட்டுவிட்டுத்தான் போனேன். மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது அவள் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "காலு ஏந்திரிக்க மாட்டேங்குதுங்க. நாக்கெல்லாம் மரத்த மாதிரி இருக்கு" என்றாள். பக்கத்தில் சீவிய இளநீர்க் கூடு இரண்டு கிடந்தது. "ரொம்ப நாள் கழிச்சு வயிறு நெறையக் குடிச்சேன்" என்று சிரித்தாள். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்குச் சற்று முன்னால், "பச்சைதானங்க இருக்கு? பிறகு ஏன் இப்படி வருது?" என்று கேட்டாள். "பச்சைதான். ஒண்ணும் செய்யாது" என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே நாடி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். "அப்பா, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாய். உன் குரல் மாறியிருந்ததைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "ஆபத்து தீமுல பச்சை கலர் இருக்குப்பா. நாந்தாம்ப்பா. அன்னைக்கு ரெண்டையும் சேக்கும்போது நல்ல நாள் கலரை இதுல காப்பி பண்ணிட்டேன். ஆட்டோ வந்துருச்சுன்னு சரியாப் பாக்காமப் போயிட்டேன். அம்மாவை நாந்தாம்ப்பா கொன்னுட்டேன்." அந்தக் கம்ப்யூட்டரில் தேதி காட்டும் பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம் தேதி ஏதோ பழைய வருஷத்துக்குப் போய்விடும். எந்த நாளில் யார் மாற்றினார்கள் என்று பார்க்க உனக்கு வழியில்லை. இருந்த ஒரே வழி, பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நான்தான். வாயைத் திறந்தேன். அப்போது உன் தாய்மாமன் உள்ளே வந்தார். "என்ன மாப்ள சொல்ற? நீ எழுதுன கம்ப்யூட்டராலயா எங்க அக்கா போச்சு?" என்றார். நீ ஆமாம் என்றாய். நான் உன் தோளில் கை வைத்து என்ன சொன்னேன் தெரியுமா? "விடு தம்பி. தெரியாம நடந்துருச்சு. அப்பா உன் மேல கோவப்படல." செய்தவன் நான். உன்னை மன்னித்தவனும் நான். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாய்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் வைத்தியம் பார்த்தால் இப்படித்தான் என்று வாசலில் பேசினார்கள். நீ உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். நான் அவர்களுக்கு மோர் கொடுத்தேன். பெங்களூருக்கு நீ திரும்பிப் போகவில்லை. "நான் எழுதுற ப்ரோகிராம் எதையும் இனி யாரும் நம்பக் கூடாது" என்று சொல்லி வேலையை விட்டாய். போடியில் ஏலக்காய் மண்டியில் சாக்குக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறாய். மண்டி வேலை கேவலம் என்று சொல்லவில்லை. உனக்குப் பிடித்த ஒன்றை உன் கையிலிருந்து பிடுங்கியவன் நான் என்று சொல்கிறேன்.

உன் மேல் பழி போட்டது எனக்கு முதல் தடவையும் அல்ல. தொண்ணூற்றாறில் நீ ஏழாவது படித்தபோது, எதிர்வீட்டுக்காரர் புது கலர் டிவிக்கு என்னை வயரிங் பண்ணச் சொன்னார். நான் கவனமில்லாமல் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், டிவி புகைந்துபோனது. பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்து, "எதைத் தொட்ட?" என்று அறைந்தேன். நீ எதையும் தொடவில்லை. ஆனாலும் ஏதோ தொட்டுவிட்டோம் போல என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாய். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னிடம், "பிள்ள மேல பழியப் போட்டு நீங்க பெரிய மனுசனாக வேணாம். அவன் நீங்க சொன்னா நம்பிருவான்" என்றாள். அவள் சொன்னது சரி. நான் சொன்னால் நீ நம்பிவிடுவாய். நான் சொல்லாமல் நின்றாலும் நம்பிவிடுவாய்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. இருந்தாலும் பட்டதிலிருந்து சொல்கிறேன். அவளுக்கு ஒரு கெட்ட செய்தி வந்தால் அதை அவளிடம் அப்படியே சொல். அவள் அழட்டும். அழுகிறவளுடன் உட்கார்ந்திருப்பது பெரிய கஷ்டம், ஆனால் அதிலிருந்து தப்பிக்க நான் கொடுத்த விலையைப் பார்த்துவிட்டாய். அப்புறம், ஒரு தப்பை யாரும் ஏற்றுக்கொள்ள முன்வரவில்லை என்பதற்காக அது உன்னுடையதாகிவிடாது. சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவனைக் கேள். நான் கூட, அன்று நீ "நீங்க எதுவும் மாத்துனீகளாப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை. அப்பா அப்படிச் செய்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லை.

மேலே உள்ளதை எழுதி நான்கு நாள் ஆகிவிட்டது. நேற்று நோட்டை எடுத்துக்கொண்டு தேவாரத்துக்குப் போனேன். பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் நின்றபடியே படித்தாள். நான் எதிரில் நின்றேன். பிள்ளைகள் எல்லாம் போய், வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் வந்ததும் அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அவுக இதைப் படிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"இல்லத்தா."

"அவுகளுக்கு எழுதுனது. அவுக கையில குடுக்காம எங்கிட்ட ஏன் மாமா கொண்டாந்தீக?"

அவளே சொன்னாள். "நான் கொண்டுபோய்க் குடுப்பேன், அவுகளச் சமாதானம் பண்ணுவேன், நீங்க வீட்டுல இருந்துக்கலாம்னுதானே? நான் குடுக்க மாட்டேன் மாமா. நீங்க போங்க. அவுக படிக்கும்போது நீங்க அங்கன நிக்கணும்." நோட்டை மடித்து என் கையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான் தம்பி. நாளைக் காலை போடி பஸ்ஸில் வருகிறேன். மண்டி வாசலில் உன்னைக் கூப்பிட்டு இந்த நோட்டைக் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை உனக்கு எதிரிலேயே நிற்பேன். தலையைக் குனிய மாட்டேன், குனிந்தால் உன் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துவிடலாம் அல்லவா. என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். போகச் சொன்னால் போய்விடுகிறேன். கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்றாலும் சரி. ஆனால் அங்கிருந்து நேராக மார்க்கையன்கோட்டைக்கு உன் மாமன் வீட்டுக்குப் போகிறேன். எல்லோரும் இருக்கும்போது அவர்கள் வீட்டு முற்றத்தில் நின்று, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கப் போகிறேன்.

எழுதியவன், உன் அப்பா.